நெல் கோடவுனில் 27 டூ-ஸ்ட்ரோக் வண்டிகள்: கஜாவுக்குப் பின் ஒரு நிகழ்வு ஆய்வு

மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணியாற்றை ஒட்டிய ஒரு கிராமத்தில் என் தாய்மாமாவுக்கு ஒரு பழைய நெல் கோடவுன் இருக்கிறது. 60 அடி நீளம், 20 அடி அகலம், சுண்ணாம்புச் சாந்துச் சுவர். மேற்குப் பாதிக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், கிழக்குப் பாதிக்கு நாட்டு ஓடு. 2018 நவம்பரில் அதற்குள் 27 டூ-ஸ்ட்ரோக் வண்டிகள், அதாவது பெட்ரோலோடு ஆயிலையும் சேர்த்து எரிக்கும் பழைய ரக பைக், ஸ்கூட்டர், மொபெட்கள் நின்றன. 16ஆம் தேதி விடியற்காலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. அந்த வண்டிகளுக்கு அதன் பிறகு என்ன ஆனது, ஏன் ஆனது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். நான் மன்னார்குடியில் டூ வீலர் பட்டறை வைத்திருப்பவன். 27இல் பாதிக்கு மேல் என் கையால் பிரித்திருக்கிறேன். பழைய வண்டி சேர்க்கும் ஆசை நம் பக்கத்தில் இப்போது நிறைய பேருக்கு வந்திருக்கிறது. ஆசையோடு வாங்கி, அக்கறையோடு மூடி வைத்து, அந்த மூடலாலேயே வண்டியை இழந்தவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

வண்டிகள் சேர்ந்த விதம்

மாமாவிடம் முதலில் இருந்தது ஒரு ராஜ்தூத் 175. வயலுக்கு விதை மூட்டை ஏற்றிப் போக வாங்கியது. எஸ்கார்ட்ஸ் கம்பெனி போலந்து நாட்டு வண்டி ஒன்றை அடிப்படையாக வைத்துச் செய்த வண்டி அது. பால்காரர், மண்டிக்காரர், கட்சிக்காரர் என்று அந்தக் காலத்தில் டெல்டாவில் எல்லாருக்கும் அது ஒத்துப்போனது. வரப்பில் இறக்கலாம், சேற்றில் தள்ளலாம், ஒரு ஸ்பேனர் இருந்தால் பாதி வேலையை நாமே பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஜாவா, எஸ்டி. மைசூரில் ஐடியல் ஜாவா 1961இல் ஜாவாவைத் தொடங்கி, 1973 முதல் எஸ்டி என்ற பெயரில் விற்று, 1996இல் ஆலையை மூடியது. அதே 1996இல் யமஹா ஆர்.எக்ஸ்.100 தயாரிப்பும் நின்றது. 1985 கடைசியில் வந்த 98 சி.சி. வண்டி, மொத்தம் 11 ஆண்டுதான். ஆனால் அதன் சத்தத்தை இன்னும் இரண்டு தெரு தள்ளியே பிள்ளைகள் அடையாளம் சொல்கிறார்கள். 2000த்தை ஒட்டிப் புகை விதிகள் இறுகின. ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டி வாங்கியவர்கள் பழைய டூ-ஸ்ட்ரோக்கைக் காயலான் கடைக்குத் தள்ளிவிட்டார்கள். மாமாவுக்கு அது பொறுக்கவில்லை. இரும்பு விலைக்கு மேல் கொஞ்சம் வைத்துக் கொடுத்து வாங்கி வந்துவிடுவார்.

2018இல் இருந்த கணக்கு: ஜாவா 2, எஸ்டி 5, ராஜ்தூத் 4, ஆர்.எக்ஸ்.100 ஆறு, இண்ட்-சுசூகி 1, சாமுராய் 1, பஜாஜ் சேத்தக் 3, லாம்பிரெட்டா 1, விஜய் சூப்பர் 1, டி.வி.எஸ். 50 இரண்டு, லூனா 1. யார் கேட்டாலும் மாமா “இருபத்தேழு” என்பார். அதில் எத்தனை ஓடும் என்று நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. பிற்பாடு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தோம். புயலுக்கு முந்தின மாதம் உதைத்தால் ஸ்டார்ட் ஆகக்கூடிய நிலையில் இருந்தவை 11.

நிற்கும் வண்டிக்குள் என்ன நடக்கிறது

ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜினின் அடியில் எப்போதும் ஆயில் தேங்கி நிற்கும். டூ-ஸ்ட்ரோக்கில் அப்படி ஒரு தொட்டி கிடையாது. பெட்ரோலோடு சேர்ந்து வரும் 2டி ஆயில்தான் கிராங்க் அறைக்குள், அதாவது பிஸ்டனுக்குக் கீழே சுழல்தண்டு இருக்கும் அறைக்குள் புகுந்து, பேரிங்கையும் கனெக்டிங் ராடையும் நனைத்துவிட்டு, மேலே போய் எரிந்து புகையாகிறது. வண்டி ஓடும்வரைதான் எண்ணெய்க் குளியல். நிறுத்தினால் மெல்லிய ஏடு போல ஒட்டியிருக்கும் எண்ணெய் சில வாரங்களில் வழிந்து கீழே இறங்கிவிடும்.

இரண்டாவது, சிலிண்டர் சுவரிலேயே புகை போகும் துவாரம் திறந்திருக்கிறது. பிஸ்டன் கீழே இறங்கிய நிலையில் இன்ஜின் நின்றுவிட்டால், சைலன்சர் வழியாக வெளிக்காற்று நேராக உள்ளே வரும். ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர்க் காற்று எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. உப்பு ஜாடியின் மூடியைத் திறந்து வைத்தால் மறுநாளே தெரியும்.

மூன்றாவது, கிராங்கின் இரு முனையிலும் உள்ள ரப்பர் ஆயில் சீல். டூ-ஸ்ட்ரோக் மூச்சு விடுவது கிராங்க் அறை வழியாக என்பதால் அந்த சீல் காற்றுப் புகாமல் இருந்தாக வேண்டும். வண்டி ஓடாமல் நின்றால் எண்ணெய் படாமல் அது காய்ந்து விறைத்துப் போகிறது. அதன் பலன் என்ன என்பதை நான் அனுபவித்தே தெரிந்துகொண்டேன். அது கீழே வருகிறது.

புயலும் 58 நாளும்

15ஆம் தேதி மாலை மாமாவும் வேலையாளும் கிழக்குப் பாதியில் இருந்த 18 வண்டிகளையும் நீலத் தார்ப்பாய் போட்டுத் தரைவரை மூடி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார்கள். மேற்குப் பாதியில் இருந்த 9 வண்டிகளுக்குத் தார்ப்பாய் போதவில்லை. இருட்டிவிட்டது, அப்படியே விட்டுவிட்டார்கள்.

ராத்திரி மேற்குப் பக்கத்து ஷீட்டுகள் ஒன்றுவிடாமல் பறந்தன. ஒரு பனஞ்சட்டம் முறிந்து ஒரு எஸ்டியின் மேல் விழுந்தது. கிழக்குப் பக்கம் ஓடு கொஞ்சம் சரிந்ததோடு சரி. ஆனால் அந்தப் பக்கத்து வாசலை அடைத்துக்கொண்டு இரண்டு தென்னை விழுந்து கிடந்தது. முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை பக்கமெல்லாம் லட்சக்கணக்கில் தென்னை போன நேரம் அது. மரம் அறுக்க ஆள் கிடைக்கவில்லை. கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. குடிதண்ணீருக்கு மோட்டார் ஓட வேண்டும் என்று ஊர் ஊராக ஜெனரேட்டர் இறங்கியது. என் பட்டறையில் இரவு பகலாக ஜெனரேட்டர் வேலைதான். மாமாவின் வண்டிகளை நான் போய்ப் பார்த்தது 2019 ஜனவரி 13, பொங்கலுக்கு முந்தின ஞாயிறு. 58 நாள் ஆகியிருந்தது.

மேற்குப் பக்கத்தைப் பார்த்ததும் வயிறு கலங்கியது. சேறு, சருகு, ஷீட் துண்டு, எல்லாவற்றின் மேலும் வெளித்துரு. கிழக்குப் பக்கம் தார்ப்பாய் அப்படியே கட்டுக் குலையாமல் இருந்தது. “அது பத்திரமா இருக்கு மாப்ள, இதை முதல்ல பாரு” என்றார் மாமா. நானும் அப்படியே நினைத்தேன்.

தார்ப்பாயை அவிழ்த்தபோது உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். கையை வைத்தால் மணிக்கட்டு வரை வழிந்தது. புளித்த பெட்ரோலும் எலி மூத்திரமும் கலந்த ஒரு வாடை. ஜாவாவின் குரோம் டேங்க் முழுக்கப் பொரிப் பொரியாகத் துரு கிளம்பியிருந்தது. சேத்தக்கின் அலுமினியப் பாகங்களில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளை மாவு.

ஓடக்கூடிய 11 வண்டிகளில் 5 மேற்கே, 6 கிழக்கே இருந்தன. பிளக் துடைத்து, புது பெட்ரோல் ஊற்றி ஒவ்வொன்றையும் உதைத்துப் பார்த்தோம். மழையில் நனைந்த மேற்குப் பக்கத்து ஐந்தில் மூன்று ஸ்டார்ட் ஆனது. மூடி வைத்த கிழக்குப் பக்கத்து ஆறில் ஒன்றே ஒன்று.

இதை வைத்து மட்டும் தீர்ப்பு எழுத முடியாது என்று எனக்குத் தெரியும். வண்டி வேறு வேறு, வயசு வேறு வேறு. ஆனால் பிரித்துப் பார்த்தபோது உள்ளே கிடைத்த சாட்சி ஒரே மாதிரி இருந்தது. மேற்கே தோற்ற இரண்டில் ஒன்று பனஞ்சட்டம் விழுந்த எஸ்டி. இன்னொன்று டேங்க் மூடியின் வாஷர் போய் மழைத் தண்ணீர் இறங்கிய ராஜ்தூத். இரண்டிலும் சிலிண்டர் சுத்தமாக இருந்தது. கிழக்கே தோற்ற ஐந்திலும் கிராங்க் பேரிங்கில் துரு, மூன்றில் ரிங் சிலிண்டரோடு ஒட்டிப் போயிருந்தது.

காரணம் தரையில் இருந்தது. கோடவுனுக்குக் கீழே நம் டெல்டாக் களிமண். மேலே மெல்லிய சிமிண்ட் பூச்சு. மழைக்காலம் முழுக்க ஓதம் ஏறிக்கொண்டே இருக்கும். தரைவரை இறங்கிய தார்ப்பாய் அந்த ஈரத்தை வெளியே விடவில்லை. பகலில் ஆவியாகி, ராத்திரி குளிர்ந்து இரும்பின் மேல் படிந்து, மறுநாள் மறுபடி ஆவியாகி, இட்லிப் பானை மாதிரி 58 நாள் நடந்திருக்கிறது. மேற்குப் பக்கம் கூரையே இல்லாததால் கடற்காற்றும் மார்கழி வெயிலும் நனைந்ததைக் காயவைத்துவிட்டன. அந்த வண்டிகளின் சைலன்சர் பின்பக்கம் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்ததால் மழைத் தண்ணீர் உள்ளே தங்கவும் இல்லை.

எலிக்கும் தார்ப்பாய்தான் வீடு கொடுத்தது. இருட்டு, கதகதப்பு, மூலையில் சிந்திக் கிடந்த பழைய நெல். ஐந்து வண்டிகளில் ஒயரிங் போயிருந்தது. ஒரு ஆர்.எக்ஸின் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் வைக்கோலும் சாக்கு நாரும் வைத்துக் கூடு கட்டி, நான்கு குட்டி கிடந்தது.

நான் செய்த தவறு

மேற்கே ஸ்டார்ட் ஆன மூன்றில் ஒன்று ஆர்.எக்ஸ்.100. சத்தம் சுத்தமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் அன்றைக்கே அதை ஓட்டிக்கொண்டு மன்னார்குடிக்குக் கிளம்பினேன். பட்டறைக்கு 2 கிலோமீட்டர் இருக்கும்போது தானாக வேகம் ஏறிய மாதிரி ஒரு உணர்வு, கூர்மையாக ஒரு சத்தம், அடுத்த நொடி பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. கை பழக்கத்தில் கிளட்சைப் பிடித்ததால் விழாமல் நின்றேன்.

பிரித்துப் பார்த்ததில் மேக்னட்டோ (பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் பாகம்) பக்கத்து ஆயில் சீல் பிளாஸ்டிக் வளையல் போல விறைத்திருந்தது. அதன் வழியாகக் காற்றை இழுத்து, காற்று கூடி பெட்ரோல் விகிதம் குறைந்து, சூடேறி பிஸ்டன் பிடித்திருக்கிறது. நின்ற இடத்தில் பிழைத்த இன்ஜினை நான் ஓட்டிக் கெடுத்தேன். சிலிண்டரைக் கடைந்து (போர் போட்டு), ஓவர் சைஸ் பிஸ்டன் ஏற்றி, இரண்டு சீலும் மாற்றியபின் சரியானது. ஆறு மாதத்துக்கு மேல் நின்ற டூ-ஸ்ட்ரோக் எது வந்தாலும், ஸ்டார்ட் ஆகிறதோ இல்லையோ, சீல் மாற்றாமல் ரோட்டில் இறக்குவதில்லை என்று அன்றிலிருந்து பட்டறையில் வழக்கம் வைத்துவிட்டேன்.

ஜாவாவை எழுப்பியது

மாமா உயிரை வைத்திருந்தது 1968 மாடல் ஜாவா மேல். ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர். கிக்கரும் கியரும் ஒரே லீவர். உதைத்துவிட்டு முன்னால் திருப்பினால் அதுவே கியர். அந்த லீவர் கல் மாதிரி நின்றது. ஓங்கி உதைத்தால் உள்ளே பல்லு போகும் என்று மாமாவைத் தள்ளி நிற்கச் சொன்னேன்.

பிளக்கைக் கழற்றி, டீசலும் 2டியும் சரிபாதி கலந்து 50 மில்லி உள்ளே விட்டோம். ஒரு துணியால் துவாரத்தை மூடிவிட்டு மறுநாள் காலை கொஞ்சம், அதற்கடுத்த நாள் கொஞ்சம். மூன்று நாளும் அசையவில்லை. நாலாம் நாள் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நாலாவது கியரில் போட்டு, பின்சக்கரத்தை இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஊசலாட்டினேன். பலம் போடவில்லை, தொட்டில் ஆட்டுவது போலத்தான். பத்து நிமிஷம் கழித்து உள்ளே ‘களுக்’ என்று ஒரு சத்தம். சக்கரம் ஒரு விரல் அளவு நகர்ந்தது. மாமா பேசவில்லை, தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அத்தைதான் வாசலில் இருந்து, “என்ன தம்பி, மூச்சு வந்துடுச்சா?” என்று கேட்டார்.

அந்த ஜாவாவின் டேங்க் பக்கவாட்டுக் குரோம் தகடுகளை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. முலாம் பூச ஒரு பட்டறையில் கொடுத்தோம். எழுத்துப் புடைப்பெல்லாம் தேயும்வரை பாலிஷ் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். பழைய தகடு, துருவோடு இருந்திருந்தாலும் அசல். இனி அதற்கு வழியில்லை.

கார்புரேட்டர் வேலையில் ஒன்று சொல்ல வேண்டும். காய்ந்த பெட்ரோல் பச்சையும் பழுப்புமாகப் பிசின் போல மிதவை அறையில் ஒட்டியிருக்கும். பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துவாரம் தலைமுடி அளவு, பித்தளை. பலர் கேபிள் கம்பியை விட்டுக் குடைந்துவிடுகிறார்கள். துவாரம் பெரிதானால் அந்த வண்டி அப்புறம் எந்த டியூனிங்குக்கும் நிற்காது. முத்துப்பேட்டையில் கிடைக்கும் தூண்டில் நரம்பை, மெல்லியதாகப் பார்த்து வாங்கி, தின்னரில் ஊறவைத்த ஜெட்டில் அதைத்தான் விடுகிறோம். நரம்பு பித்தளையைக் கீறாது.

கனடாவிலிருந்து வந்த வீடியோ

மாமாவின் மூத்த மகன் கனடாவில் இருக்கிறான். 2019 கோடையில் அவன் ஒரு வீடியோ அனுப்பினான். அவன் வீட்டுக்கு அருகே ஒரு பெரியவரின் கொட்டகை. உள்ளே வரிசையாக ஸ்னோமொபைல், நாற்பதுக்குக் குறையாது. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் டிராக்டர் செயின் மாதிரி ஒரு ரப்பர் பட்டை, நடுவில் இன்ஜின். 1959இல் கியூபெக்கின் வால்கூர் என்ற ஊரில் ஜோசப்-அர்மான் பொம்பார்டியே விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்கி-டூவிலிருந்து அந்த வம்சம் பரவியது. பெரும்பாலான பழைய வண்டிகள் டூ-ஸ்ட்ரோக். எடை குறைவு, கடுங்குளிரில் உறைந்து கெட்டியாக அடியில் ஆயில் தொட்டியும் இல்லை என்பதால் அங்கே அது தோதாகிவிட்டது. யமஹா 1968இல் அந்தச் சந்தைக்குள் போனது. நம் ஆர்.எக்ஸ்.100இல் இருக்கும் தனி ஆயில் டேங்க், பம்ப் ஏற்பாடான ஆட்டோலூப்பை 1964லேயே கொண்டுவந்த கம்பெனி. 2025 மாடலோடு ஸ்னோமொபைலை நிறுத்துவதாகப் பிறகு அறிவித்தார்கள்.

அங்கே பனி நாலைந்து மாதம்தான். மிச்ச மாதமெல்லாம் வண்டி தூங்க வேண்டும். அதனால் தூங்க வைப்பது அவர்களுக்கு ஒரு தனிக் கலை. இன்ஜின் ஓடும்போதே கார்புரேட்டர் வாயில் ஒரு எண்ணெயைப் பீய்ச்சி, வெள்ளைப் புகை கக்க வைத்து நிறுத்துகிறார்கள். உள்ளே எல்லா இரும்பிலும் எண்ணெய் ஏடு படிந்துவிடுகிறது. காற்று இழுக்கும் வாயையும் சைலன்சரையும் அடைக்கிறார்கள், அங்கே சுண்டெலித் தொல்லை. பட்டை தரையில் படாமல் வண்டியைத் தூக்கி வைக்கிறார்கள். மேலே போடுவது மூச்சு விடும் துணி. அந்தத் துணியைப் பார்த்ததும் மாமா வீடியோவை நிறுத்தச் சொன்னார். நிறுத்தி, திரும்பவும் அந்த இடத்தைப் பார்த்தார்.

பதினான்கு என்ற எண்

அவர்களுக்குக் கோடையில் தூக்கம், நமக்கு ஐப்பசியிலிருந்து தை வரை. ஆனால் நம் ஈரக்காற்றில் எண்ணெய் அடித்துவிட்டு மூன்று மாதம் சும்மா இருக்க முடியாது என்பது என் கணிப்பு. 15 நாளுக்கு ஒருமுறை இன்ஜின் சுற்ற வேண்டும், சூடாகும்வரை ஓட வேண்டும். டயர், காக் (பெட்ரோலைத் திறந்து மூடும் குழாய்), கேபிள் எல்லாம் சேர்த்து ஒரு வண்டிக்கு 25 நிமிஷம் பிடிக்கிறது. 27 வண்டிக்கு 11 மணி நேரத்துக்கு மேல். மாமாவுக்கு அப்போதே வயது 66. நானும் ஒரு பையனும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கொடுக்க முடிந்தது 6 மணி நேரம். அதில் 14 வண்டி அடங்கும்.

இந்தக் கணக்கை மாமாவிடம் சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆனது. அவர் கோபப்படவில்லை. “எதை விடறதுன்னு நான் சொல்றேன், எப்பன்னு கேட்காதே” என்றார். ஆறு மாதம் எடுத்துக்கொண்டார். கடைசியில் 5 வண்டியை விற்றார். வாங்கியவர்கள் எல்லாரும் ஓட்டுகிறவர்கள். அதைத்தான் அவர் விலைக்கு முன் விசாரித்தார். 2 ராஜ்தூத்தைத் தெரிந்த பிள்ளைகளுக்குச் சும்மா கொடுத்தார். மீட்க முடியாத 6 வண்டி உதிரிப் பாகமாகப் பிரிந்து, துடைத்து, எண்ணெய் தடவி, பெயர் எழுதி அலமாரிக்குப் போனது. மீதி 14. லூனாவையும் விஜய் சூப்பரையும் வைத்துக்கொண்டு நல்ல நிலையில் இருந்த ஒரு ஆர்.எக்ஸை விற்றது எனக்கு இன்றும் மனத்தாங்கல்தான். ஆனால் லூனா அத்தை ஓட்டிய வண்டி.

காகிதம் இருந்ததா என்பதும் இதில் பங்கு வகித்தது. சொந்த வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு, பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். டூ வீலருக்கு அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 300 ரூபாயிலிருந்து 1,000 ஆனது. 50 ஆண்டு தாண்டி, அசல் வடிவில் இருக்கும் வண்டிக்கு 2021இல் தனி விதி வந்தது. வி.ஏ. என்ற எழுத்தோடு தனி வரிசை எண், கட்டணம் 20,000, பத்தாண்டு செல்லும். அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ரோட்டில் ஓட்ட முடியாது. மாமா ஜாவாவுக்கு அதைப் போடவில்லை. ஓட்ட முடியாத பதிவு எதற்கு என்று சாதாரணப் புதுப்பிப்பையே செய்துகொண்டார்.

இப்போதைய நடைமுறை

கோடவுன் தரையில் கனமான பாலிதீன் விரித்து அதன்மேல் நாலு அங்குலம் கான்கிரீட் போட்டோம். ஓதம் நின்றது. சுவரில் எதிரெதிராகக் கம்பிவலை ஜன்னல். வண்டிகள் மரக்கட்டை மேல் நிற்கின்றன. மேலே பழைய பருத்திப் புடவை, முழங்கால் உயரத்துக்கு மட்டும். உள்ளே நெல்மணி ஒன்று சிந்தினாலும் அன்றைக்கே பெருக்கியாக வேண்டும். நான்கு மூலையிலும் நம் தஞ்சாவூர் எலிக்கிட்டி, மூங்கிலில் செய்த பொறி. விஷம் வைத்தால் எலி எங்காவது வண்டிக்குள் போய்ச் செத்து நாறும், கிட்டியில் அந்தத் தொல்லை இல்லை.

மழைக்காலத்தில் ஓட்ட முடியாத வாரம் வந்தால் பெட்ரோல் காக்-ஐ மூடி, மிதவை அறை காலியாகும்வரை ஓடவிட்டு, கடைசி மூச்சில் சிரிஞ்சால் 10 மில்லி 2டியைக் கார்புரேட்டர் வாயில் விடுகிறோம். பிஸ்டன் மேலே ஏறி புகைத் துவாரத்தை மூடும் நிலையில் நிறுத்தி, சைலன்சர் வாயில் எண்ணெய்த் துணி செருகி, அதில் ஒரு சிவப்பு நாடா கட்டுகிறோம். நாடா கட்டாமல் ஒருமுறை பையன் மறந்து உதைத்து, துணி எதிர்ச்சுவருக்குப் பறந்தது.

பெட்ரோல் விஷயத்தில் இப்போது முன்னைவிடக் கவனம் வேண்டும். 2022இல் 10 சதவீதம் எத்தனால், 2025இல் 20. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவுக்கு மேல் போனால் தண்ணீரும் எத்தனாலும் பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்க்கின் அடியில் போய் நிற்கும். காக்கின் வாய் இருப்பது அங்கேதான். 2டி ஆயிலோ மேலே பெட்ரோலோடு தங்கிவிடும். அப்படிப்பட்ட டேங்க்கோடு உதைத்தால் முதலில் உள்ளே போவது ஆயில் இல்லாத திரவம். அதனால் டேங்க்கில் ஒருநாளும் 2 லிட்டருக்கு மேல் வைப்பதில்லை, மாதத்துக்கு ஒருமுறை வடித்து வயலுக்குப் போகும் வண்டியில் ஊற்றிவிடுகிறோம். பழைய பெட்ரோல் டியூப், காக் வாஷர், மிதவை ஊசியின் ரப்பர் முனை எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகமாக ஒவ்வொன்றாக மாற்றி வருகிறேன். 14இல் 9 முடிந்தது.

போன ஞாயிறு 14ஐயும் உதைத்தோம். 13 வண்டி மூன்று உதைக்குள் பிடித்தது. லாம்பிரெட்டா ஏழாவதில் பிடித்து, காக்கிலிருந்து சொட்டியது. அதற்கு வாஷர் வாங்கி வைத்திருக்கிறேன், வரும் ஞாயிறு போட வேண்டும்.